விழக் கற்றுத்தராத இயந்திரங்கள்

யதார்த்தம் என்ற சொல்லை இலக்கிய விவாதங்களில் நாம் போதுமான அளவுக்குத் தேய்த்துவிட்டோம். ஒரு நாவலில் யதார்த்தம் குறைந்தால் விமர்சகர் நாலு வரி கூடுதலாகக் கடிந்துகொள்வார். வாசகர் ஐம்பதாம் பக்கத்தில் மூடி வைப்பார். அதனால் எவரும் இறந்துபோவதில்லை. அதே சொல்லுக்கு உயிர்க்கணக்கில் விலை வைத்திருக்கும் துறை ஒன்று உண்டு. விமானிகளைத் தரையிலேயே பறக்கப் பழக்கும் சிமுலேட்டர்கள் எவ்வளவு உண்மையாக நடந்துகொள்கின்றன என்ற கேள்வி பல தலைமுறைகளாகப் பொறியாளர்களையும் விமானிகளையும் அரசு அமைப்புகளையும் அலைக்கழித்து வந்திருக்கிறது. அதிலும் 'ஸ்டால்' என்னும் ஒரு நிகழ்வை அவை எவ்வாறு காட்டின, எங்கே காட்டத் தவறின என்பதையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்டால் என்றதும் புத்தகக் கண்காட்சி நினைவுக்கு வருவது நம் வாசகர்களுக்கு இயல்புதான். கார் ஓட்டுபவர்களுக்கு என்ஜின் திணறி நின்றுபோவது நினைவுக்கு வரும். விமானவியலில் அச்சொல்லுக்கும் என்ஜினுக்கும் தொடர்பில்லை. இறக்கை, எதிர்வரும் காற்றை ஒரு கோணத்தில் சந்திக்கிறது. தாக்குகோணம் என்று இதனைச் சொல்லலாம். கோணம் கூடக்கூட இறக்கையின் தூக்குவிசையும் கூடும். பெரும்பாலான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையை ஒட்டி இந்த நல்லுறவு முறிந்துவிடுகிறது. மேற்பரப்பைத் தழுவிச் சென்றுகொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்க, தூக்குவிசை சரிகிறது. என்ஜின்கள் முழங்கிக்கொண்டிருக்கும், மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், விமானமோ விழுந்துகொண்டிருக்கும். எந்த வேகத்திலும், எந்த உயரத்திலும் இது நேரலாம்.

இதிலிருந்து மீளும் வழி ஒன்றே: பிடியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். தாக்குகோணம் குறைந்தால் காற்று மீண்டும் இறக்கையைப் பற்றிக்கொள்ளும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்துகொண்டிருப்பவனிடம் தரையை நோக்கிக் குனி என்று சொல்வதற்கு இது ஒப்பானது. உடலில் ஊறிய அச்சம் பிடியைப் பின்னால் இழுக்கவே சொல்லும். ஸ்டால் என்னும் நிகழ்வின் முழுத் துயரமும் இந்த முரணில் அடங்கியிருக்கிறது.

பறத்தலின் வரலாற்றில் முதற்பெரும் பலியே இதனால்தான். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1896 ஆகஸ்டு 9 அன்று தமது கிளைடரில் பறந்தபோது அது மூக்கை உயர்த்தி நின்றுவிட, ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் பெர்லினில் இறந்தார். அடுத்து வந்தவர்களுக்கு ஸ்டாலின் தொடர்ச்சியாக வரும் ஸ்பின் என்ற சுழல்வீழ்ச்சி இன்னும் பெரிய புதிராக இருந்தது. அதற்குள் விழுந்தவர்களில் திரும்பி வந்து விளக்கியவர்கள் அரிது. 1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃபிரட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட் பலர் பார்த்திருக்க அவ்வாறு விழுந்தார். பிடியை இழுத்துப் பார்த்துப் பயனில்லாமல் போக, கடைசி நொடிகளில் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் முழுமையாகத் திருப்பினார். தரைக்கு மிக அருகே விமானம் மீண்டது. அவரே அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் இறந்துவிட்டார். ஸ்பின்னை ஒரு ஆய்வுப் பொருளாக்கியவர்களில் ஃபார்ன்பரோவின் இயற்பியலாளர் ஃபிரடெரிக் லிண்டமன் முக்கியமானவர். பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரானவர் இவரே. 1917இல், தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே சுழலுக்குள் சென்று, அந்நிலையில் கருவிகள் காட்டிய அளவுகளோடு திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். அக்காலத்தில் ஸ்டாலைப் பற்றிய அறிவு முழுவதும் விழுந்து பெற்ற அறிவு. பழகுவதற்கென்று தரையில் எதுவும் இல்லை. இருந்தவையும் விளையாட்டுப் பொருள் போன்றவை. 1910 அளவில் பிரான்ஸின் ஆண்டுவானெட் நிறுவனத்தின் பயிற்சிப்பள்ளியில் இரண்டு அரைப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மேலே மாணவனை உட்காரவைத்துக் கீழிருந்து ஆட்கள் ஆட்டிவிடுவார்கள். அவன் பிடிகளை இயக்கிச் சமநிலைக்கு வர வேண்டும். பார்ப்பதற்கு அது நகைப்பூட்டும் காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

சிமுலேட்டர் என்று நாம் இன்று சொல்லும் பொருளின் உண்மையான மூதாதை ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பது இலக்கிய வாசகர்களுக்குப் பிடித்தமான செய்தியாக இருக்கும். அமெரிக்காவின் பிங்ஹம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை தானியங்கிப் பியானோக்களும் ஆர்கன்களும் செய்துவந்தார். ஆர்கனில் காற்றும் துருத்தியும் வால்வுகளும் செய்யும் வேலை மகனுக்கு அத்துபடி. அதே துருத்திகளின்மேல் சிறிய விமானப் பெட்டி ஒன்றை ஏற்றினால் அது சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். 1929இல் இப்படி உருவான லிங்க் பயிற்சிப் பெட்டியை விமானப் பள்ளிகள் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. 1934இல் அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களிடமிருந்து வான்தபால் பணியைப் பறித்து ராணுவத்திடம் கொடுத்தது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகியிராத ராணுவ விமானிகளில் பத்துக்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் மாண்டனர். அதன் பிறகே ராணுவம் லிங்கிடம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அந்த நீலப் பெட்டிகள் 10,000க்கும் மேல் உற்பத்தியாயின; நேசநாடுகளின் விமானிகள் சுமார் 5 லட்சம் பேர் அவற்றில் பழகியதாகக் கணக்கு.

அப்பெட்டியில் ஸ்டால் இருந்ததா? இருந்தது, ஒருவகையில். போர்க்கால மாதிரிகளில் ஸ்டாலுக்கு முன் வரும் நடுக்கமும், வேகம் மிகக் குறைந்தால் பெட்டி ஸ்பின்னுக்குள் விழுந்ததுபோல் சுற்றும் ஏற்பாடும் உண்டு. ஆனால் காற்றியல் கணக்கு ஏதும் அதன்பின் இல்லை. நாடகக் கொட்டகையில் தகரத்தைத் தட்டி இடியோசை எழுப்புவதைப் போன்றது அது. பார்வையாளனுக்கு இடி இடித்தது என்பது புரிந்தால் போதும். அந்த இடி எங்கே விழும் என்று நாடகம் சொல்ல வேண்டியதில்லை. லிங்கின் பெட்டி கருவிப் பறத்தலைக் கற்றுத்தர உருவானது, அதை அது செவ்வனே செய்தது என்பதே எமது எண்ணம்.

கணக்கு பின்னர் வந்தது. 1944இல் அமெரிக்கக் கடற்படை, காற்றுச்சுரங்க ஆய்வு அளவுகளைக் கொடுத்தால் எந்த விமானமாகவும் நடந்துகொள்ளக்கூடிய ஒரு சிமுலேட்டரைச் செய்துதரும்படி எம்.ஐ.டி.யைக் கேட்டது. ஜே ஃபாரஸ்டர் தலைமையில் தொடங்கிய வேலை சில ஆண்டுகளுக்குள் தடம்மாறியது. இத்தனை சமன்பாடுகளை நொடிக்குப் பலமுறை தீர்க்க வேகமான எண்முறைக் கணினி வேண்டும் என்று கண்டு, அதைச் செய்யப் புகுந்தவர்கள் விமானி அறையையே கைவிட்டார்கள். 1951இல் இயங்கத் தொடங்கிய வேர்ல்விண்ட் கணினி, கணினி வரலாற்றின் முதன்மையான படிகளுள் ஒன்று. ஒரு சிமுலேட்டருக்காகத் தொடங்கிய முயற்சி கணினியைப் பெற்றுவிட்டுச் சிமுலேட்டரை மறந்துபோனது வரலாற்றின் குறும்புகளில் சேரும்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. எண்முறைக் கணினிகள் மலிந்தன. ஆறு நீரியல் கால்களின்மேல் நின்று எத்திசையிலும் அசையும் மேடைகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவின. கண்ணாடிக்கு வெளியே தெரியும் உலகைக் கணினியே வரைந்தது. 1980இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த விதிகளின் வழியே, உயர்தரச் சிமுலேட்டரில் பயின்ற விமானி ஒரு புதுவகை விமானத்தில் முதன்முறையாக உட்காரும்போதே பின்னால் பயணிகள் இருக்கலாம் என்ற நிலை படிப்படியாக உருவாயிற்று. இதைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. பயிற்சிக்காகவே பறந்து, பயிற்சியிலேயே விழுந்த பெரிய விமானங்கள் பல. சிமுலேட்டர்கள் அந்தச் சாவுகளை ஏறக்குறைய இல்லாமலாக்கின. ஆயினும் ஒன்று நேர்ந்துவிட்டது. பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு அந்த விமானத்தின் ஸ்டால் என்பது சிமுலேட்டர் காட்டியதுதான் என்றாகிவிட்டது. சிமுலேட்டருக்கோ அது தெரியாது.

ஏன் தெரியாது என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சிமுலேட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் அட்டவணைகள். இந்த வேகத்தில், இந்தத் தாக்குகோணத்தில், சுக்கான் இவ்வளவு திரும்பியிருந்தால் விமானத்தின்மீது இவ்வளவு விசை என்று கணினி பார்த்துச் சொல்கிறது. அட்டவணையில் உள்ள எண்கள் உண்மையான விமானத்தைச் சோதனை விமானிகள் ஓட்டி அளந்தவை. அவர்கள் எவ்வளவு தூரம் சென்றார்களோ அவ்வளவு தூரத்திற்கே அட்டவணை. அதற்கு அப்பால் பொறியாளர் கோட்டை ஊகமாக நீட்டிவைத்திருப்பார். சாதாரணப் பறத்தலில் தாக்குகோணம் சிறிது மாறினால் விசையும் சிறிது மாறும். நேர்த்தியான, முன்னறியக்கூடிய உறவு. ஸ்டாலுக்கு அப்பால் அந்த ஒழுங்கு இல்லை. இடது இறக்கை முதலில் தளருமா வலதா என்பது இறக்கை விளிம்பில் படிந்த சிறிதளவு பனியையும் பொறுத்தது. உள்ளே சென்ற வழியிலேயே வெளியே வருவதுமில்லை. காற்று ஒரு கோணத்தில் பிய்ந்தால், அதைவிடக் குறைந்த கோணத்தில்தான் திரும்ப ஒட்டும். ஒரே விமானத்தை ஒரே நாளில் இருமுறை ஸ்டாலுக்குள் கொண்டுசென்றால் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள் கிடைக்கலாம்.

அங்கே சென்று அளந்துவர வேண்டியதுதானே என்று கேட்கலாம். சென்றவர்களின் கதை இனிமையானதன்று. 1963 அக்டோபர் 22 அன்று பிரிட்டனின் பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானத்தின் முதல் மாதிரி ஸ்டால் சோதனையில் இருந்தது. மைக் லித்கோ என்ற புகழ்பெற்ற சோதனை விமானி ஓட்டினார். அவ்விமானத்தின் கிடைமட்ட வால் மிக உயரத்தில், ஆங்கில டி எழுத்தைப்போல் அமைந்தது. தாக்குகோணம் ஓர் அளவைத் தாண்டியதும் இறக்கையிலிருந்து பிய்ந்த கலங்கிய காற்று அந்த வாலை மூழ்கடித்துவிட்டது. மூக்கைத் தாழ்த்த வேண்டிய வாலுக்கே பிடிமானம் இல்லை. விமானம் ஏறக்குறையக் கிடைமட்டமாக, ஒரு தட்டு விழுவதைப்போல் தரையில் வந்து விழுந்தது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். 'ஆழ்ந்த ஸ்டால்' என்ற தொடர் அதன்பிறகே பரவலாக அறியப்பட்டது. 1966 ஜூனில் ஒரு டிரைடண்ட் விமானம் இதேபோன்ற சோதனைப் பறத்தலில் நார்ஃபோக் பகுதியில் விழுந்து நால்வர் மாண்டனர்.

இந்த விபத்துகளிலிருந்து உற்பத்தியாளர்கள் பெற்ற பாடம் தெளிவானது: விமானத்தை அந்த எல்லைக்குள் செல்லவே விடக்கூடாது. ஸ்டாலை நெருங்கும்போது பிடியைக் கடகடவென நடுக்கி எச்சரிக்கும் கருவியும், சில விமானங்களில் அதையும் மீறினால் தானாகவே பிடியை முன்தள்ளும் ஸ்டிக் புஷ்ஷரும் வந்தன. பயிற்சியும் அவ்வாறே அமைந்தது. சிமுலேட்டரில் விமானி மெல்ல வேகத்தைக் குறைப்பார், பிடி நடுங்கும், உடனே என்ஜினுக்கு முழு விசை கொடுத்து உயரம் இழக்காமல் மீள்வார். உயரத்தை எவ்வளவு குறைவாக இழந்தார் என்பதே மதிப்பெண். ஸ்டாலுக்குள் யாரும் சென்றதில்லை. வாசற்படியைத் தொட்டுத் திரும்பினார்கள். உயரத்தை விட்டுக்கொடுக்காதே என்ற பாடம் பல்லாயிரம் விமானிகளின் கைகளில் இவ்வாறு பதிந்தது. உண்மையான ஸ்டாலில் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது உயரத்தைத்தான்.

இதற்கிடையே சிமுலேட்டர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ஃபிளைட் சிமுலேட்டர் 1 மெகாஹெர்ட்ஸ் செயலியில் ஓடியது. 1982இல் மைக்ரோசாஃப்ட் அதைத் தன் பெயரில் வெளியிட்டது. 1990களின் நடுவில் ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் வேறு வழியில் வந்தது. அது இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின்மீதும் விழும் விசையைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டியது. எது உண்மைக்கு அருகில் என்று ஆர்வலர்கள் காலங்காலமாகச் சண்டையிட்டார்கள். அச்சண்டைகளில் ஸ்டாலும் ஸ்பின்னும் எப்போதும் முன்வரிசையில் இருக்கும். நமது சிற்றிதழ்ச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு அவற்றின் தொனி அந்நியமாக இராது. துண்டுகளாக்கிக் கணக்கிடும் முறை கவர்ச்சியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிய்ந்த காற்று பின்னால் சென்று வாலை என்ன செய்யும் என்பது துண்டுகளைத் தனித்தனியே கூட்டுவதால் மட்டும் கிடைத்துவிடாது. இது விளையாட்டு, தவறினால் மறுபடி தொடங்கலாம். உயர்தரச் சிமுலேட்டரிலும் ஸ்டாலுக்கு அப்பால் இருந்தது இதைவிட உறுதியான அறிவன்று என்பதுதான் கவலைக்குரியது.

பொய்யான சிமுலேட்டர் பாடம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் விழுந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 ஒரு சான்று. அது ஸ்டால் விபத்தன்று; ஆயினும் இக்கதையில் அதற்கு இடமுண்டு. முன்னால் சென்ற ஜம்போ விமானத்தின் காற்றுச்சுழலில் சிக்கிய ஏர்பஸ் ஏ-300 விமானத்தில் துணை விமானி சுக்கானை இருபுறமும் மாறிமாறி முழு வீச்சில் மிதித்தார். செங்குத்து வால் முறிந்து பிரிந்தது. விமானத்தில் 260 பேரும் தரையில் ஐவரும் இறந்தனர். அந்நிறுவனம் 1990களில் நல்லெண்ணத்தோடு ஒரு சிறப்புப் பயிற்சியை உருவாக்கியிருந்தது. அதில் சிமுலேட்டர் காற்றுச்சுழலைக் காட்டுவதற்காக விமானத்தைப் பெருங்கோணத்தில் சாய்க்கும். அவ்வாறு சாயும்வரை விமானியின் முயற்சிகள் பலிக்காதபடி கணினி தற்காலிகமாகத் தடுத்துவைக்கும். உள்ளே இருக்கும் விமானிக்கு அது தெரியாது. காற்றுச்சுழல் என்றால் இவ்வளவு பயங்கரமானது, சாதாரண இயக்கம் பயன்தராது, சுக்கானை ஓங்கி மிதித்தால்தான் தப்பலாம் என்று அவர் கற்றுக்கொள்ள வாய்ப்பிருந்தது. விபத்தை ஆராய்ந்த என்.டி.எஸ்.பி. அமைப்பு 2004இல் வெளியிட்ட முடிவில் துணை விமானியின் மிகையான சுக்கான் இயக்கத்தை முதற்காரணமாகவும், அவ்விமானத்தின் சுக்கான் அமைப்பையும் இந்தப் பயிற்சித் திட்டத்தின் கூறுகளையும் துணைக் காரணங்களாகவும் குறிப்பிட்டது. விமான உற்பத்தியாளர்களும் எஃப்.ஏ.ஏ.வும் 1997இலேயே இப்பயிற்சியைப் பற்றிய தங்கள் கவலைகளைக் கடிதமாக எழுதியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

பிறகு 2009. அவ்வாண்டு பிப்ரவரி 12 இரவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் 3407, இறங்க ஆயத்தமாகும்போது வேகம் குறைந்தது. பிடி நடுங்கி எச்சரித்தது. தலைமை விமானி பிடியைப் பின்னால் இழுத்தார். விமானம் ஸ்டாலாயிற்று. ஸ்டிக் புஷ்ஷர் பிடியை முன்னால் தள்ளியது. அவர் அதை எதிர்த்தும் இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், அது விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தனர். ஸ்டிக் புஷ்ஷர் தள்ளும்போது கையில் எப்படி இருக்கும் என்பதைச் சிமுலேட்டரில் காட்ட வேண்டும் என்று அன்றைய விதிகள் கேட்கவில்லை. வகுப்பறையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மனிதன் தன் ஆயுளில் முதன்முறையாக அந்த உந்தலை உணர்ந்தது அந்த இரவில்தான் என்றால், அவர் அதைத் தனக்கு எதிரான சக்தியாக எடுத்துக்கொண்டதில் வியப்பென்ன?

நான்கு மாதங்கள் ஆவதற்குள், ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்றுகொண்டிருந்த ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் மறைந்தது. 228 பேர். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011இல், 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவிகள் மீட்கப்பட்டபோதுதான் நடந்தது தெரிந்தது. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன, தானியங்கி விலகிக்கொண்டது. ஓட்டிக்கொண்டிருந்தவர் மூக்கை உயர்த்த, விமானம் 35,000 அடியிலிருந்து 38,000 அடியை நெருங்கி, அங்கே ஸ்டாலாயிற்று. வேகக்குறிப்பு ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் தாக்குகோணம் 40 பாகை வரை சென்றுவிட, நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 அடி வேகத்தில் விமானம் விழுந்தது. என்ஜின்கள் நன்றாக இயங்கின. தானியங்கி விலகியதிலிருந்து கடலைத் தொடும்வரை 4 நிமிடங்கள் 23 நொடிகள்.

இங்கே ஒரு கொடுமையான நுணுக்கம் உண்டு. அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்கும் கீழே போனால் தாக்குகோண அளவீட்டை நம்பமுடியாது என்று கருதிக் கணினி ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்திவிடும். தரையில் நிற்கும் விமானம் வீணாக அலறக்கூடாதல்லவா? வானில் அந்நிலை வரக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை. ஆகவே மூக்கு மிக உயர்ந்தபோது எச்சரிக்கை ஓய்ந்தது. விமானி சரியானதைச் செய்து மூக்கைச் சற்றுத் தாழ்த்தியபோது வேகம் கூடி, எச்சரிக்கை மீண்டும் ஒலித்தது. சரியானதைச் செய்தால் இயந்திரம் கண்டிக்கும். தவறைச் செய்தால் அமைதியாகும். எந்தச் சிமுலேட்டரிலும் அவர்கள் இதைச் சந்தித்திருக்கவில்லை. அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. பிரெஞ்சு ஆய்வு அமைப்பான பி.இ.ஏ. 2012 ஜூலையில் வெளியிட்ட இறுதி அறிக்கையின் பரிந்துரைகளில், அசாதாரண நிலைகளைச் சிமுலேட்டர்கள் மேலும் உண்மையாகக் காட்டும்படி விதிகளைத் திருத்த வேண்டும் என்பதும் ஒன்று.

மாற்றங்கள் வந்தன. கோல்கன் விபத்தில் உறவினரை இழந்த குடும்பங்கள் வாஷிங்டனில் விடாது போராடியதன் பயனாக 2010 ஆகஸ்டில் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. 2012இல் எஃப்.ஏ.ஏ. தன் அறிவுரையைத் திருத்தி, முதலில் தாக்குகோணத்தைக் குறை, உயரத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படு என்றது. அதுவரை மதிப்பெண் போட்டுவந்த அளவுகோல் தலைகீழானது. 2013 நவம்பரின் விதி, பயணிகள் விமானிகள் முழு ஸ்டாலுக்குள் சென்று மீளும் பயிற்சியைச் சிமுலேட்டரில் பெற வேண்டும் என்றது. நிறுவனங்களுக்கு 2019 மார்ச் வரை அவகாசம் கொடுத்தது. ஐந்தாண்டுக்கும் மேலான அந்த அவகாசம் சோம்பலால் வந்ததன்று. பயிற்சி கொடுக்க வேண்டிய இயந்திரங்களுக்கே முதலில் விழக் கற்றுத்தர வேண்டியிருந்தது.

எங்கிருந்து கற்றார்கள்? நாசாவின் லாங்லி மையம் பயணிகள் விமானம் ஒன்றின் வடிவத்தை 5.5 சதவீத அளவுக்குச் சுருக்கி, எடைப் பகிர்வும் அதே விகிதத்தில் அமைந்த மாதிரியைக் காற்றுச்சுரங்கத்திலும் திறந்த வானிலும் ஸ்டாலுக்குள் செலுத்தி அளந்தது. ஆளில்லாத மாதிரி விழுந்தால் அழுவதற்கு யாருமில்லை. ஐரோப்பாவில் 2009இல் தொடங்கிய சுப்ரா என்ற கூட்டு ஆய்வு, நெதர்லாந்தின் சூஸ்டர்பெர்க்கில் உள்ள டெஸ்டிமோனா என்னும் சுழலும் மேடையைப் பயன்படுத்தியது. ஆறு கால் மேடையில் நடுக்கத்தைக் காட்டலாம். விழும் உடலின் எடையிழப்பையோ, மீளும்போது இருக்கையில் அமுக்கும் கனத்தையோ நொடிக்கணக்கில் நீடித்துக் காட்ட இயலாது. சுழலும் மேடையில் கனத்தையேனும் நீட்டிக்கலாம். ஆனால் அத்தகைய மேடைகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அன்றாடப் பயிற்சி ஆறு கால்களின்மேலேயே நடக்கிறது.

2016 மார்ச்சில் எஃப்.ஏ.ஏ. சிமுலேட்டர் தகுதி விதிகளைத் திருத்தியபோது ஒரு சமரசத்தைச் செய்துகொண்டது. நாம் மிகவும் சிந்திக்க வேண்டிய சமரசம் அது. ஸ்டாலுக்கு அப்பால் சிமுலேட்டர் உண்மை விமானத்தோடு எண்ணுக்கு எண் பொருந்த வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை, ஏனெனில் உண்மை விமானமே தன்னோடு பொருந்துவதில்லை. ஆகவே அந்த வகை விமானத்தின் இயல்புகளைக் காட்டினால் போதும்: எங்கே நடுங்கத் தொடங்குகிறது, இறக்கை எப்படிச் சாய்கிறது, பிடிகள் எப்படித் தளர்கின்றன, எப்படி மீள்கிறது. அவ்விமானத்தின் ஸ்டாலை அறிந்த விமானி ஒருவர் உட்கார்ந்து பார்த்து, ஆம், இது அப்படித்தான் இருக்கும் என்று சான்று சொல்ல வேண்டும். அளவுகோல்களும் வரைபடங்களும் ஆண்ட இத்துறையில், கடைசியில் ஒரு மனிதரின் நினைவும் தீர்ப்பும் சாட்சியாக ஏற்கப்பட்டன. நடந்தது இதுதான் என்று வரலாறு சொல்லும். இப்படி நடக்கும் என்று நாவல் சொல்லும். பொறியாளர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் அதை அவர்களுடைய தோல்வியாகக் கருதவில்லை. அந்த முடிவு இருபது ஆண்டுகள் முன்பே வந்திருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தனர். தாக்குகோணத்தைத் தவறாகக் காட்டிய உணர்கருவியை நம்பி, இல்லாத ஆபத்திலிருந்து காப்பதாக எண்ணி, ஒரு மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. 2019 மே மாதத்தில் போயிங் நிறுவனம் மேக்ஸ் சிமுலேட்டரின் மென்பொருளில் சில பறத்தல் நிலைகளைச் சரியாகக் காட்ட இயலாத குறை இருந்ததை ஒப்புக்கொண்டு திருத்தியதாக அறிவித்தது. விமானியின் அச்சத்தையும் திடுக்கிடலையும் எந்த இயந்திரத்தாலும் முழுமையாக உண்டாக்க முடிவதில்லை. இன்று ஸ்டால் பயிற்சி என்று அட்டவணையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே செல்பவருக்கு அது எப்படி அதிர்ச்சியாக இருக்கும்?

2016 விதியில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு நம்மை ஈர்த்தது. சிமுலேட்டருக்குள் விமானிகளுக்குப் பின்னால் பயிற்றுநர் அமரும் இடத்தில் ஒரு திரை உண்டு. இத்தகைய பயிற்சியின்போது தாக்குகோணமும் பக்கச்சறுக்கும் எந்த வரம்பு வரை சோதனை அளவுகளால் உறுதிசெய்யப்பட்டவை என்பதை அத்திரையில் ஒரு எல்லைக்கோடாக வரைந்து காட்ட வேண்டும். விமானம் அதனுள் இருக்கும் இடம் ஒரு புள்ளியாக நகர்ந்துகொண்டிருக்கும். புள்ளி கோட்டைத் தாண்டினால், அதற்குப் பிறகு இயந்திரம் காட்டுவது ஊகம் என்பது பயிற்றுநருக்குத் தெரியும்; அவர் பயிற்சியை நிறுத்திவிடலாம். முன்னால் அமர்ந்து பிடியைத் தள்ளிக்கொண்டிருக்கும் விமானிக்கு அந்தத் திரை தெரிவதில்லை.